லயம் கேசட்ஸ், பெரம்பலூர்

1.

இந்தக் கதை ஒரு பழுதான ரேடியோவிலிருந்து வந்தது. அதைச் சரிசெய்யப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ராசாங்கத்தின் கடைக்குப் போனேன். ரேடியோ சரியாகவில்லை. ராசாங்கமும் அவர் மனைவி செல்வம்மாளும் கேசட் கம்பெனி ஆரம்பித்த கதையைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பினேன். மறுநாள் எழுத உட்கார்ந்தபோது முதல் வரி இப்படி வந்தது:

1974-ஆம் ஆண்டு, தேயிலைத் தோட்டத்தைப் பிரிந்த துயரத்தில், கொட்டும் மழையில் அவர்கள் கப்பலேறியபோது...

செல்வம்மாளிடம் படித்துக் காட்டினேன். கப்பலேறிய தலைமன்னாரில் அன்று மழையே இல்லை, கப்பலில் எல்லாருக்கும் வாந்தி, அழுவதற்கு யாருக்கும் நேரமில்லை என்றார். பிறகு, "உங்க கதையில நாங்க ரொம்ப அழுவுறோம் சார்," என்றார்.

வரியை விட்டுவிட்டேன். (முழுதாக விட மனம் வராததால்தான் மேலே இருக்கிறது.)

2.

வேறு மாதிரி தொடங்குகிறேன்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒன்று பெரம்பலூரில் ரேடியோ கடை வைத்தது. ராசாங்கத்தின் கைவேலை ஊருக்குப் பிடித்தது. செல்வம்மாளின் பேச்சு ஊருக்கு வேடிக்கையாக இருந்தது. பேசுவதை அவர் ‘கதைக்கிறது’ என்பார். ஒருநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது ஒருவர் அதே மாதிரி பேசிக் காட்ட, எல்லாரும் சிரித்தார்கள்.* அதற்குப் பிறகு செல்வம்மாள் கடையில் வாய் திறப்பதைக் குறைத்துக்கொண்டார். கொழுந்து பறிக்கும்போது பாடிய பாட்டுகளை வீட்டுக்குள்கூடப் பாடுவதில்லை.

(* பேசிக் காட்டியவர் யார் என்று செல்வம்மாள் சொல்ல மறுத்துவிட்டார். இன்னும் வாடிக்கையாளராம்.)

1982-ல் லப்பைக்குடிக்காட்டு ரஹ்மத்துல்லா துபாயிலிருந்து விடுமுறையில் வந்தார். கையில் இரண்டு கேசட் போடும் பெரிய டேப் ரெக்கார்டர். சினிமாப் பாட்டு அங்கேயும் கிடைக்கிறது. சொந்த ஊர்க் கொல்லைக்காட்டில் பெண்கள் பாடும் பாட்டுக்குத்தான் அங்கே தங்கும் அறையில் எல்லாரும் ஏங்குகிறார்கள் என்றார். அதைப் பதிவு செய்து விற்றால் என்ன? மெஷின் அவருடையது, வேலை ராசாங்கத்துடையது.

கம்பெனிக்கு ‘துபாய் ஸ்டார்’ என்று பெயர் வைக்க ரஹ்மத்துல்லா ஆசைப்பட்டார். ராசாங்கம் ‘லயம்’ என்றார். சங்கீதப் பெயர் என்று நினைத்து ரஹ்மத்துல்லா ஒத்துக்கொண்டார். தேயிலைத் தோட்டத்தில் கூலிகள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்குத்தான் லயம் என்று பெயர். அதை அவரிடம் ஒரு வருடம் கழித்துத்தான் சொன்னார்கள்.

3.

முதல் பாடகி ஆண்டாயி. உடையார்பாளையத்துக்காரர், முந்திரிக் காட்டில் வேலை. அவர் பாடினால் பக்கத்துக் காட்டு ஆட்கள் வேலையை நிறுத்திவிடுவார்களாம். பஸ் சத்தத்துக்குத் தப்பி ஒரு பஞ்சு குடோனில், நாலு பக்கமும் மூட்டைகளை அடுக்கிப் பதிவுக்கு இடம் செய்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். ரஹ்மத்துல்லாவின் விடுமுறையும் மறுநாளோடு முடிகிறது.

மைக்கைப் பார்த்த ஆண்டாயிக்குப் பாட்டு வரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், காப்பி கொடுத்தார்கள்.

"எதிர்ப்பாட்டுப் பாட ஆளில்லாம யாருகிட்டங்க பாடுறது?" என்று எழுந்துவிட்டார். நான் போயிட்டு வரேன், பஸ் போயிடும் என்று செருப்பைத் தேடினார்.

(இந்த இடத்தில் நான் செல்வம்மாளைச் சந்தேகித்தேன். இத்தனை வருடம் பாடாதவர் சட்டென்று பாடுவாரா? ராசாங்கம் கெஞ்சுவதாக ஒரு பக்கம் எழுதினேன். அவர் கெஞ்சவே இல்லை, ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்றார் செல்வம்மாள். "அந்தப் பொம்பள கெளம்பிட்டா. அவ்வளவுதான் காரணம்." பக்கத்தைக் கிழித்தேன்.)

செல்வம்மாள் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணியைக் கேலி செய்யும் பாட்டு ஒன்றைப் பாடினார். ஆண்டாயி திரும்பிப் பார்த்தார். செருப்பை விட்டுவிட்டு எதிர் மூட்டையில் உட்கார்ந்து, முந்திரிக் காட்டுக்காரனைக் கேலி செய்து பதில் பாடினார். அவர் ஒன்று, இவர் ஒன்று. நடுவில் இருவரும் சிரித்த சிரிப்பும் பதிவானது. கேசட் இரண்டு பக்கமும் தீர்ந்தது.

4.

போட்டுக் கேட்டதும் செல்வம்மாளின் முகம் மாறியது. தன் குரலை அழித்துவிடச் சொன்னார்.

"நான் கதைச்சாலே சிரிக்கிறாங்க. இதை வேற வித்தா, ஊரே சிரிக்கும்."

ராசாங்கம் அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தார். அழித்தால் மறுபடி பாட ஆளில்லை, நாளுமில்லை. ரஹ்மத்துல்லா வெளியே போய் நின்றுகொண்டார்.

ஆண்டாயிதான் பேசினார். "அத அழிச்சா என்னுதும் போவட்டும். தனியாப் பாடுனா கிறுக்கச்சி மாதிரில்ல இருக்கும்?"

செல்வம்மாள் கொஞ்ச நேரம் பஞ்சு மூட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணவரிடம் சொன்னார்: "சரி. அட்டையில என் பேரப் பெருசாப் போடுங்க."

[இங்கே முடித்தால் நல்ல கதை. ஆனால் நடந்தது இங்கே நிற்கவில்லை.]

5.

கேசட் துபாய்க்குப் போனது. உள்ளூர் டீக்கடைகளிலும் ஓடியது. ஒரு மத்தியானம் அரியலூர் பஸ்ஸில் குழந்தைவேல் என்பவர் வந்து இறங்கினார். சிமெண்ட் ஆலையில் வேலை. அவரும் இலங்கையின் அதே தேயிலை மலையிலிருந்து அனுப்பப்பட்டவர்.

அவருக்காக இரண்டு முடிவுகள் எழுதினேன்.

(அ) குழந்தைவேல் செல்வம்மாளின் காணாமல்போன தம்பி. இருவரும் கட்டிக்கொண்டு...

(ஆ) குழந்தைவேல் சேர்ந்த பிறகு கம்பெனி மெட்ராசில் ஐந்து மாடி... (இது ரஹ்மத்துல்லா கேட்டது.)

இரண்டும் நடக்கவில்லை. அவர் செல்வம்மாளைப் பார்த்து, "ரெண்டாவது அடியத் தப்பாப் பாடிட்டீங்க," என்றார். சண்டை போடவே வந்திருந்தார். வருடக்கணக்காகக் கடையில் மெதுவாகப் பேசிய செல்வம்மாள், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற குரலில், எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் என்றார். அவர் பாடிக் காட்டினார். இவர் திருப்பிப் பாடினார். ராசாங்கம் சத்தமில்லாமல் பொத்தானை அழுத்தினார். லயம் கேசட்ஸின் இரண்டாவது வெளியீடு அது.

சண்டை இன்னும் தீரவில்லை. ராசாங்கம் நடுநிலை, தினமும் வீட்டில்தானே சாப்பிட வேண்டும். நானும் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஒரு சொல்தான் வித்தியாசம்: குறை கங்காணியுடையதா, நம்முடையதா. செல்வம்மாள் பாடியது:

கூடை நெறஞ்சிருச்சு கங்காணி – உங்க
கொறைய எங்க கொட்ட கங்காணி

குழந்தைவேல் பாடியது:

கூடை நெறஞ்சிருச்சு கங்காணி – எங்க
கொறைய எங்க கொட்ட கங்காணி

வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். மனசுக்குள் பாடினால் செல்லாது.