யூனன் வைத்த வெல்டு

யூனன் வெல்டு வைத்தால் எமன் வந்தாலும் பிரிக்க முடியாது என்பது அயர்லாந்தின் டொனகல் வட்டாரம் முழுக்கத் தெரிந்த பேச்சு.

"சேத்துல ஒரு சக்கரம் சும்மா சுத்துதுப்பா" என்று மகன் காஹல் நச்சரிக்க, அவன் காரில், வளைவில் இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃப்ரன்ஷியலை வெல்டு வைத்துப் பூட்டினார். பின்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகவே சுற்றின. சேற்றில் கார் ஆடு மாதிரி ஏறியது. தார்ரோட்டு வளைவில்தான் டயர் அலறும், கார் திரும்பமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

"என்ன எழவு சத்தம் இது?" என்பாள் மனைவி நோரா.

"பழகிடும் போடி."

மழையில் ஒருநாள் தேவாலய வளைவில் காஹல் ஓட்டிய கார் திரும்பவே இல்லை. நேராகச் சுவரில் மோதியது.

காஹலைப் புதைத்த மறுநாள், நொறுங்கிய காரிலிருந்து டிஃப்ரன்ஷியலைக் கழற்றினார் யூனன்.

"வெல்டு விட்டுப்போச்சா?" என்றாள் நோரா.

"மயிரிழைகூட விடலடி." சுத்தியலை வீசியெறிந்தார். "ஒரு தடவையாவது வேலைய அரைகுறையா செஞ்சிருக்கக் கூடாதா நான்!"