பூட்டிய வீடுகள்

மறுநாள் காலை அறிக்கை போயாக வேண்டும். இந்த ஒரு தெருவில் எட்டு வருடமாக ஓடும் ஆழ்குழாய்த் தண்ணீர் நல்லது என்று அது சொன்னால், எல்லா ஊர்களிலும் குழாய் இறங்கும்.

மேற்பார்வையாளர் கடைசியாக ஒருமுறை தெருவைப் பார்க்க வந்திருந்தாள். வீடு வீடாகக் கேட்டுக் கணக்கெடுத்தவன் கூடவே நடந்தான். அலுவலகத்தில் அவனுக்கு ‘ரயில்’ என்று பெயர். எந்த வாசலிலும் அதிகம் நிற்க மாட்டான்.

“ஒருத்தர்கூடக் குறை சொல்லலைக்கா. கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

எதிர் வரிசை முழுக்கப் பூட்டு. ஒரு பூட்டில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

“இங்கெல்லாம் யாரைக் கேட்டே?”

“பூட்டியிருந்தா அடுத்த வீடு. நீங்க போட்ட விதிதானேக்கா.”

அவள் போட்டதுதான். வேலை தடைபடக் கூடாது என்று.

இந்தப் பக்கத்து வாசலில் ஒருத்தி குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“எதிர்வீட்டுக்காரங்க வேலைக்குப் போயிருக்காங்களா?”

“அது சரி! அந்தப் பக்கம் பூரா இந்தத் தண்ணியத்தான் குடிச்சாங்க. முதல்ல உள்ளங்கையில புள்ளி புள்ளியா வந்துச்சு. அப்புறம் ஒவ்வொருத்தராப் போய்ச் சேர்ந்தாங்க. மிச்சம் இருந்தவங்க ஊரையே விட்டுட்டாங்க.”

“நீங்க?”

“எங்களுக்குப் பின்னாடியே கிணறு இருக்கும்மா. இது பாத்திரத்துக்கு.”

“இவர்கிட்டச் சொல்லலையா?”

“தண்ணி வருதான்னாரு, வருதுன்னேன். நல்லாருக்கான்னாரு, ஆமான்னேன். பாருங்க, பாத்திரம் பளபளன்னுதானே இருக்கு? அடுத்ததைக் கேக்கறதுக்குள்ள ஆளைக் காணோம்.”

ரயில் நின்றுவிட்டது.

மேற்பார்வையாளர் தெருவைக் கடந்து, வலை கட்டிய பூட்டுக்கு மேலே கதவைத் தட்டினாள். ஏன் தட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

உள்ளே ‘டொக்’ என்றது.

கை பின்னுக்கு வந்தது. சிறிது நேரம் கழித்து மறுபடியும் ஒரு ‘டொக்’. சரியாக மூடாத குழாய். கீழே ஏதோ பாத்திரம்.

கைப்பேசி அடித்தது. துறைச் செயலாளர்.

“என்னம்மா, முடிஞ்சுதா? எல்லா ஊரும் காத்திட்டிருக்கு.”

“முடியலை சார். இன்னும் வீடு பாக்கி இருக்கு.”

“எந்த வீடு?”

“பூட்டின வீடு.”

“அங்க யாரைக் கேப்பீங்க?”

“ஊரை விட்டுப் போனவங்களைத் தேடிப் போறேன் சார். அதுவரைக்கும் எங்கயும் குழாய் இறக்க வேண்டாம்னு எழுதித் தர்றேன்.”

“நாளைக்கு மந்திரிகிட்ட நான் என்னம்மா சொல்றது?”

அவள் கைப்பேசியைக் கதவருகே பிடித்தாள்.

‘டொக்.’

“யாரும்மா அது?” என்றார் செயலாளர்.