மெக்கானிக்கலில் ஒருத்தி

இரண்டாம் வருஷம் தொடங்கிய வாரத்தில் தங்கதுரை அந்த விஷயத்தைச் சொன்னான். செவ்வந்தி அப்போது டிராயிங் போர்டில் தாளை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"நானும் மேல போறேன் செவ்வந்தி. கம்ப்யூட்டருக்கு மாத்திக்கினேன். அப்பா ஒரே புடியா நின்னுட்டாரு."

மேலே என்றால் மாடி. அந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டர் வகுப்புகள் எல்லாம் மாடியில் இருந்தன, மெக்கானிக்கல் கீழே. கல்வராயன் மலையடிவாரத்தில், மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே நின்ற சின்னக் கல்லூரி அது. சேரும்போது மெக்கானிக்கலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவன் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். ஒருத்திக்குக் கல்யாணம் ஆனது. மற்றவர்கள் ஒவ்வொருவராக மாடியேறினார்கள். மிஞ்சியது இவர்கள் இரண்டு பேர்தான்.

"அப்ப நான்?" என்று கேட்டாள்.

"நீயும் வந்துடேன். இங்க ஒண்டியா இன்னா பண்ணுவ?"

பிரின்சிபாலும் அதையேதான் கேட்டார். ஒருத்திக்காக வகுப்பு நடத்துவது கஷ்டம், மாறிக்கொள்கிறாயா என்றார். செவ்வந்தி மாட்டேன் என்றாள். ஏன் என்று அவரிடம் விளக்க அவளுக்குத் தெரியவில்லை. முதல் வருஷம் பட்டறை வகுப்பில் லேத்தில் அவள் வைத்த இரும்பு சுருள்சுருளாக உரிந்து, உள்ளேயிருந்து பளபளவென்று உருளை வந்தபோது, இதுதான் நம் வேலை என்று தோன்றியிருந்தது. அவ்வளவுதான். அதை எப்படி ஒரு பெரிய மேஜைக்கு எதிரே நின்று சொல்வது?

அதன்பின் வகுப்பில் அவள் மட்டும். ஆசிரியர் தெய்வசிகாமணி கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்தினார். ஒரே முகத்தை ஒரு மணி நேரம் பார்த்துப் பேச அவருக்கும் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். பல நாள் அவரை மாடிக்குக் கணக்குப் பாடம் எடுக்க அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கெல்லாம் செவ்வந்தி புத்தகத்தைத் திறந்துவைத்துத் தானாகப் படிப்பாள். மேலேயிருந்து பெஞ்சு இழுபடும் ஓசையும் மொத்தமாகச் சிரிக்கும் ஓசையும் கூரை வழியாக இறங்கும்.

ஆய்வகத்தில் கம்பியை இழுத்து அறுத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. ஒருவர் வால்வைத் திருகி டயலில் பளுவைப் படிக்க, இன்னொருவர் கம்பி எவ்வளவு நீள்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும். ஆய்வக உதவியாளர் இருசப்பன் கதவைத் திறந்துவிட்டுக் கல்லூரி பஸ் ஓட்டப் போய்விடுவார். அவளே வால்வை நிறுத்துவாள், ஓடிப்போய் அளப்பாள், எழுதுவாள், மறுபடி ஓடுவாள். கடைசியில் கம்பி நடுவில் மெலிந்து, படாரென்று வெடிவெடித்தது போல் அறுந்தது. செவ்வந்தி, "ஐயோ, பாத்தியா!" என்று திரும்பினாள். யாருமில்லை. கொஞ்ச நேரம் இரண்டு துண்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அறுந்த முனைகள் இரண்டும் சுட்டன.

நாலாம் வருஷம் சேலத்தில் வேறொரு கல்லூரியில் பொது நேர்காணல் என்றார்கள். சின்னசேலத்தில் ரயிலேறித் தனியாகப் போனாள். எழுத்துத் தேர்வில் அவளுக்கு நல்ல மார்க். அடுத்தது குழு விவாதம். வட்டமாக உட்காரவைத்து, மின்சார வண்டிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. பேட்டரியின் எடையைப் பற்றி, பிரேக்கைப் பற்றி. ஆனால் வாயைத் திறக்கும்போதெல்லாம் வேறு யாராவது ஆரம்பித்துவிட்டார்கள். எங்கே மூச்சு விடுவார்கள், எங்கே நுழையலாம் என்று பிடிபடவே இல்லை. கடைசியில் நடத்தியவரே, "நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்று கேட்டார். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

"அவங்க சொன்னதுதான் சார்," என்றாள்.

வெளியே அனுப்பிவிட்டார்கள். ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் அவள் உட்கார்ந்தே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் படியேறினாள். அந்த மாடிக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. தங்கதுரை ஒரு கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"இன்னா செவ்வந்தி, இன்னா ஆச்சு?"

"தொரை, எனக்குப் பேச ஆள் வேணும்டா." சேலத்தில் நடந்ததைச் சொன்னாள்.

அவன் வகுப்புத் தோழர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு கீழே வந்தான். காலியான மெக்கானிக்கல் வகுப்பில் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு எதையாவது பிடித்துச் சண்டை போட்டார்கள். கள்ளக்குறிச்சியில் எந்தக் கடைப் பரோட்டா நல்லது என்பதில் ஆரம்பித்து, டீசல் வண்டி பிழைக்குமா என்பது வரைக்கும் போனது. கண்ணகி என்ற பெண்தான் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"நாங்க முடிப்போம்னு பாத்துக்கினு இருக்கிற பாரு, அதான் உன் தப்பு. நாங்க முடிக்கவே மாட்டோம். நடுவுல பூந்து பேசு."

செவ்வந்தி புகுந்தாள். முதலில் திக்கினாள். பிறகு கத்தினாள். ஒருநாள் எல்லோரையும் அடக்கி கியர்பாக்ஸைப் பற்றி அவள் பேசி முடித்தபோது தங்கதுரை கைதட்டினான். கொஞ்ச நாள்தான். மாடியில் இருந்தவர்களுக்கு ஒவ்வொருவராக வேலை கிடைத்தது, பயிற்சிக்கென்று சென்னைக்குக் கிளம்பினார்கள். தங்கதுரையும் போனான். மறுபடி அவளும் அந்த அறையும்தான்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலை நேர்காணலுக்குக் கூப்பிட்டது. உள்ளே மூன்று பேர். ஒருவர் கேள்விக்கு அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் அடுத்ததைக் கேட்டார். "சார், ஒரு நிமிஷம், நான் இன்னும் முடிக்கல," என்றாள். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. நடுவிலிருந்தவர் சிரித்து, "சொல்லுங்க," என்றார்.

ஒரு முற்பகலில் போன் வந்தது. பயிற்சிப் பொறியாளராக எடுத்திருக்கிறோம் என்றார்கள். தெய்வசிகாமணி சார் அன்று விடுப்பு. அவரும் எங்கோ வேலை தேடிப் போயிருந்தார். செவ்வந்தி எழுந்து படிவரைக்கும் போனாள். மேலே சத்தமே இல்லை, மற்ற வருஷத்து வகுப்புகளுக்குத் தேர்வு விடுமுறை. தங்கதுரைக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. அம்மாவுக்குச் செய்தாள். நைனார்பாளையத்தில் பச்சையம்மாள் யார் காட்டிலோ களை எடுத்துக்கொண்டிருப்பாள், போன் வரப்பில் பைக்குள் கிடக்கும். அடித்து அடித்து நின்றது.

வகுப்புக்குத் திரும்பி உட்கார்ந்தாள். சன்னலுக்கு வெளியே மலைமேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய சந்தோஷத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் சும்மா இருந்தாள்.

மத்தியானம் அம்மாவே கூப்பிட்டாள். "இன்னா கண்ணு, இத்தினி வாட்டி அடிச்சிக்கிற?"

"வேல கெடச்சிருச்சிம்மா. ஓசூர்ல."

பின்னால் பெண்கள் பேச்சு நின்றது. அம்மா யாரிடமோ சொன்னாள், யாரோ சிரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள், "அங்கியாச்சும் கூட ஆளுங்க இருப்பாங்களா?"

"ஜாஸ்தி பேரு இருப்பாங்கம்மா."

"அப்ப சரி," என்றாள் பச்சையம்மாள். "அது போதும்."

அடுத்த ஆனியில் செவ்வந்தி ஓசூருக்குப் போனாள். அந்த வருஷம் கல்லூரி மெக்கானிக்கலுக்கு ஆள் எடுக்கவில்லை. முதல் நாள் கேண்டீனில் நீளமான பெஞ்சில் தட்டோடு உட்கார்ந்தாள். சுற்றிலும் தமிழும் கன்னடமும் தெலுங்குமாகப் பேச்சு. யாருக்கும் அவளைத் தெரியாது. பாதிச் சோறு வரைக்கும் குனிந்தே சாப்பிட்டாள். பிறகு பக்கத்திலிருந்த பெண் எதிரே இருந்தவளிடம் ஏதோ மிஷினைத் திட்டிக்கொண்டிருந்தபோது, செவ்வந்தி நடுவில் புகுந்து, "அது எந்த மிஷின்க்கா?" என்று கேட்டாள்.