பீரங்கிக்காரரின் காது

பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்த மனிதனுக்குக் காது வேறு எதனால் போகும்? மல்லாட்டைக் கடலை தின்றதாலா? ஆறு வருஷமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வடிவேலுக்குக் காது மந்தம் என்று ராணுவ மருத்துவ போர்டே ஒப்புக்கொண்டது. ஆனால் அது பட்டாளத்து வேலையால் வந்ததல்ல என்று எழுதி, ஊனப் பென்ஷனை மறுத்துவிட்டது. அப்பீல் செய்தோம், அதையும் தள்ளிவிட்டார்கள். கடைசியாகச் சென்னை ஹைகோர்ட்டில் ரிட் மனு போட்டோம். பென்ஷன் வந்தால் நல்லதுதான். அதைவிட, இவர் காது நாட்டுக்காகப் போனது என்று ஒருவராவது சொல்லிக் கேட்க வேண்டும் எனக்கு. எங்கள் ஊர் முத்தியால்பேட்டையில் பாதிப் பேர் இவரைச் 'செவிட்டு மிலிட்டரி' என்கிறார்கள்.

2006-இல் ஒரு வெயில் நாளில் விசாரணைக்கு வந்தது. காலையிலிருந்து காத்துக் கிடந்து, சாப்பாட்டு வேளைக்குப் பிறகுதான் கூப்பிட்டார்கள். அரசு வக்கீல் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார். பட்டாளத்தில் வருஷா வருஷம் நடந்த மருத்துவச் சோதனை. எல்லாவற்றிலும் காது நன்றாக இருக்கிறது என்றே இருந்ததாம். நீதிபதி இவரை எழுப்பித் தமிழிலேயே கேட்டார்.

"சர்வீஸ்ல இருந்தப்போ காதுல ஏதாவது குறை இருந்துச்சா?"

இவர் நீதிபதியின் உதட்டையே பார்த்தார். பிறகு விறைப்பாக அட்டென்ஷனில் நின்றார்.

"ஒரு குறையும் இல்ல சார்!"

எங்கள் வக்கீல் கலைவாணன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். போர்டு முறைப்படி முடிவெடுத்ததா என்றுதான் கோர்ட் பார்க்க முடியும், டாக்டர்களின் கருத்தை மாற்ற முடியாது என்று சொல்லி, நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் இவருக்கு முன்னால் போய் நின்றேன். "ஏங்க, சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டீங்களே!"

"பழக்கம், தனம். அதிகாரி மாதிரி ஒருத்தர் ஒக்காந்து குறை இருக்கான்னு கேட்டா, வாய் தானா சொல்லிடுது."

"அப்ப அந்த டெஸ்டு எல்லாம்?"

"டாக்டர் பின்னால நின்னு நம்பர் முணுமுணுப்பாரு. எதுர நிக்கிற என் கூட்டாளி கலியமூர்த்தி வெரலால காட்டிடுவான். அவனுக்குக் கண்ணு மந்தம், அதுக்கு நான் ஒத்தாசை. காது போச்சுன்னு தெரிஞ்சா பீரங்கிய வுட்டு எறக்கி, ஸ்டோர்ல பூட்ஸ் அடுக்க வுட்டுருவாங்க."

ஊர் திரும்பும் பஸ்ஸில் கோபத்தோடுதான் ஏறினேன். உன் குரல் மட்டும் வலது காதில் நன்றாக விழுகிறது என்று வீட்டில் எப்போதும் சொல்வார். அதனால் அவருக்கு வலப்பக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குக் கிட்டே, கனகசெட்டிக்குளம் வந்தபோது கோபம் ஆறிவிட்டது. பாவம், என்ன செய்வார். தோளால் லேசாக இடித்தேன்.

"மேல அப்பீல் போலாமா, இதோட வுட்டுடலாமா?"

"சரி தனம்" என்றார், திரும்பாமலே.

"எதுங்க சரி?"

"ஆமா, ஆமா."

மறுபடி இடித்து, அந்த வலது காதுக்குப் பக்கத்திலேயே போய்க் கேட்டேன்.

"நான் செத்துப் போயிடட்டுமா?"

"சரி தனம்."

இத்தனை வருஷம் என் குரலும் அவருக்குக் கேட்டதில்லை. நான் வருத்தப்படக் கூடாதென்று உதட்டைப் பார்த்தே குடும்பம் நடத்தியிருக்கிறார். பஸ் என்றும் பாராமல் வாய்விட்டு அழுதேன். முன் சீட்டுக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் திரும்பவில்லை.