தமிழ்ச்செல்வி வாய் திறந்த காலை

நாமக்கல் பக்கம் முட்டை வியாபாரிகளைக் கேட்டுப் பாருங்கள், தமிழ்ச்செல்வியிடம் போனில் பேரம் பேசி ஜெயித்தவர் ஒருத்தர்கூடக் கிடையாது. கோழிப்பண்ணையில் ஓடியாடுவது புருசன் காளியண்ணன் வேலை, பேசுவது அவள் வேலை. அந்த மனுசிக்குத்தான் ஒரு காலையில் வலது கை விழுந்து, வாயும் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. காளியண்ணன் அப்படியே தூக்கிக் காரில் போட்டு, அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயை அடைத்திருந்த ரத்தக்கட்டியை டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் விரல் லேசாக அசைந்தது. "ம்" என்றாள். அந்த ஒரு "ம்"முக்கு, வாசலில் உட்கார்ந்திருந்த சனத்துக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார் காளியண்ணன்.

மறுநாள் பார்த்தால் மறுபடி மயங்கிக் கிடந்தாள். இருந்த "ம்"மும் போச்சு. காளியண்ணன் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். இவள் இனிமேல் பேசாமலே போய்விட்டால்? சத்தமே இல்லாத வீட்டில் ஒரு வாய் சோறு இறங்குமா?

அழுதுகொண்டு சும்மா இருக்கிற ஆளா அவர்? மருந்துக்கடைக்கு ஓடினார். அவளைக் கவனித்துவந்த டாக்டர் தேவிப்ரியாவின் மேசைமேல் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார்.

"எதிர்ப்பு சக்தி டானிக்குங்க டாக்டரம்மா. கோழி சோர்ந்து நின்னா, தண்ணியில இதாட்டம் ஒண்ணத்தான் கலந்து உடுவோம். பயந்துக்காதீங்க, இது மனுசங்களுக்குன்னு கேட்டு வாங்குனதுங்க."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஐயா, இப்ப அவங்களுக்குத் தொந்தரவே அந்த எதிர்ப்பு சக்திதான்."

"அதெப்படிங்க?"

"அடைப்பு இருந்த இடத்துல மூளை அடிபட்டிருக்கு. அதைச் சுத்தம் பண்ண ரத்தத்துல இருக்கற வெள்ளையணுக்கள் கும்பலா ஓடி வருது. வந்த வேகத்துல பொடிக்குழாய்ங்கள்ல ஒட்டிக்கிட்டு வழிய மறைக்குது, குழாய்ச் சுவரையும் கெடுத்துடுது. சுவர் கசிஞ்சா நீர் இறங்கி மூளை வீங்கும். அதான் இந்த மயக்கம்."

"அப்படின்னா அதுங்கள அடிச்சுத் தொரத்திப்போடுங்க!"

"ஒரேயடியா தொரத்தவும் கூடாதுங்க. குப்பைய அள்றதும், அப்புறம் குழாய் ஆறுறதுக்கு ஒத்தாசை பண்றதும் அதுங்கதான். வீக்கத்துக்கு மருந்து போகுது. கொஞ்சம் அடங்கட்டும்."

"ஒத்தாசைக்கு வந்த சனமே ஊட்டுச் செவுத்த இடிச்ச மாதிரியில்லீங்க இருக்குது!" என்றார் காளியண்ணன். டானிக் பாட்டில் பைக்குள் போய்விட்டது.

வீக்கம் அடங்குகிறவரை அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. நாமக்கல் ஆஞ்சநேயரில் ஆரம்பித்துக் கொல்லிமலைச் சாமிவரை ஒருத்தரையும் விடாமல் வேண்டிக்கொண்டார். கடைசியில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்த தேவிப்ரியா, "நல்லா வடிஞ்சிருக்குங்க" என்றார். தமிழ்ச்செல்வி கண்ணைத் திறந்து சிரித்தாள். ஆனால் பேச்சு மட்டும் வரவில்லை.

அவளை வார்டுக்கு மாற்றிய பிறகு, பேச்சுப் பயிற்சி கொடுக்கச் சித்ரா வந்தாள். சென்னைப் பெண், வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான். நாலு நாள் பயிற்சிக்குப் பிறகு ஒரு காலையில் பேனாவைக் காட்டினாள். "பே... பேனா" என்றாள் தமிழ்ச்செல்வி. முட்டைப் படத்தைக் காட்டினாள். "முட்டை" என்று பளிச்சென வந்தது. காளியண்ணன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

சித்ரா அவரைக் காட்டி, "இவர் பேர் என்னம்மா?" என்றாள்.

தமிழ்ச்செல்வி அவரைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். இன்னொரு தரம் கேட்டும் உதட்டைத் திறக்கவில்லை.

"பொருள் பேரெல்லாம் வருது. ஆள் பேர் ஞாபகம் வரல போலிருக்கு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் குறித்துக்கொண்டாள் சித்ரா.

காளியண்ணன் முகம் செத்துப்போனது. கட்டிலோரம் குனிந்தார்.

"ஏன் சாமி, என்னையவா மறந்துபோட்ட?"

அவ்வளவுதான், தமிழ்ச்செல்விக்கு வந்ததே கோபம்! மூச்சைப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக இழுத்து வெளியே போட்டாள்.

"ஏனுங்க... உங்களுக்குப் புத்தி... எங்கீங்க போச்சு? கட்டுன புருசன் பேர... எப்படீங்க சொல்றது?"

வார்டே கொல்லென்று சிரித்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவர் பேரைச் சொன்னதே இல்லை. "ஏனுங்க" என்றால் அவர்தான். இத்தனை வருசம் குடும்பம் நடத்திய மனுசனுக்கு அது தோன்றவில்லையே!

சித்ரா வெட்கத்தோடு சிரித்தபடி, குறித்ததை அடிக்கப் போனாள். காளியண்ணன் தடுத்தார். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, சிரிப்பும் நிற்கவில்லை.

"அடிக்காதீங்க அம்முணி. பேரு சொல்லலைன்னே இருக்கட்டும்!"