நாற்பத்தொன்றாம் எண் தோல்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் தோல் வளர்க்கிறோம். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு தங்கள் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். அறுவை சிகிச்சையில் மிஞ்சுகிற துண்டுகள் மருத்துவமனையிலிருந்து எங்களுக்கு வரும். அவற்றிலிருந்து செல்களைப் பிரித்து, அடியில் கூழ் போல ஒரு படுக்கை, அதன் மேல் மேல்தோல் செல்கள் என்று சட்டைப் பொத்தான் அகலத்துக்கு அடுக்குவோம். சில நாள் திரவத்தில் மூழ்கிக் கிடக்கும். பிறகு காற்றுக்குத் தூக்கி வைப்போம். கீழே தீனி, மேலே காற்று. இரண்டு வாரத்தில் அது தோலாகிவிடும்.

தீனி போடுவது என் வேலை. பத்தொன்பது வருஷமாக, ஒருநாள் விட்டு ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் போடுகிறேன். குடும்பம் குட்டி உள்ளவர்கள் விடுமுறை நாளில் வரத் தயங்குவார்கள். "அக்காவுக்கு என்ன, வந்துடுவாங்க" என்று என் தலையில் கட்டிவிடுவார்கள். நானும் வந்துவிடுவேன். வீட்டில் இருந்து யாரைக் கொஞ்சப் போகிறேன்?

பெரும்பாலும் முதுமையைப் பற்றிய ஆய்வுதான். இளம் தோலைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்து ஒரே வாரத்தில் கிழடாக்குவோம். அதை நான் வீட்டில் விளக்கே இல்லாமல் செய்துகொண்டிருக்கிறேன். போன வருஷம் எங்கள் கூடத்தை நடத்துகிற சார் நோய்த் தோல் பக்கம் திரும்பினார். சொரியாசிஸ். நோயாளியின் தோலையும் அவருடைய ரத்தத்திலிருந்து எடுத்த வெள்ளை அணுக்களையும் சேர்த்து வளர்த்தால் தட்டிலேயே நோய் வரும், வந்துவிட்டால் புது மருந்தை மனிதர்களுக்குக் கொடுக்குமுன் அதன் மேல் போட்டுப் பார்க்கலாம் என்பது அவர் நம்பிக்கை. மூன்று பேர் தோலில் முயன்றார். மூன்றிலும் வரவில்லை.

நான்காவது தோல் என்னுடையது.

எனக்கு இருபத்தாறு வயதில் வந்தது. முழங்கை, முன்கை, முதுகு என்று சிவப்புத் திட்டுகள், அவற்றின் மேல் வெள்ளைச் செதில். தொட்டால் ஒட்டாது. இதை ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆயிரம் பேரும் "தெரியும், தெரியும்" என்று சொல்லிக்கொண்டே அரை அடி தள்ளி உட்கார்ந்தார்கள். அண்ணன் குழந்தையை முதல்முறை பார்க்கப் போனபோது அண்ணி, "மடியில ஒரு துண்டைப் போட்டுக்கோ" என்று சொல்லித்தான் என்னிடம் கொடுத்தாள். அவள் கெட்டவள் இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

வேலையிடத்தில் வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டைதான். ஆனாலும் கை கழுவும்போது ஒருநாள் பார்த்துவிட்டார்கள். என்ன வியாதி என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் கூடத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் ஸ்பிரிட்டால் துடைப்பார்கள், அது முறை. ஆராய்ச்சி மாணவி ஒருத்தி மட்டும் நான் தொட்டதை இரண்டு முறை துடைப்பாள். மனதுக்குள் அவளுக்கு ஸ்பிரிட்டு என்றே பெயர் வைத்துவிட்டேன். சொரியாசிஸைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கப்போகிற மகராசி அவள்.

தோல் கொடுப்பவர் யார் என்று எங்கள் கூடத்தில் தெரியக் கூடாது. எண் மட்டும்தான் வரும். ஆகவே மருத்துவமனைக்குப் போய்த் தோல் டாக்டரிடம் நானே கையை நீட்டினேன். தோலும் ரத்தமும் எடுத்து நாற்பத்தொன்று என்று எண் போட்டார்.

"உங்க சாருக்குச் சொல்ல வேண்டாமா?" என்றார் டாக்டர்.

"நோய் தட்டுல வரட்டும் டாக்டர். அப்புறம் நானே சொல்லிக்கறேன்."

மறைப்பானேன், அதுதான் என் ஆசை. அது வந்து, எல்லாரும் கொண்டாடுகிற நாளில், நாற்பத்தொன்றாம் எண் நான்தான் என்று சொல்ல வேண்டும். அதன் பிறகாவது சாப்பாட்டு மேசையில் என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு யாராவது உட்காருவார்கள். பத்தொன்பது வருஷ வேலைக்குப் பிறகு ஒருத்தி கேட்பது இவ்வளவுதானா என்று சிரிக்காதீர்கள்.

காற்றுக்குத் தூக்கிய பத்தாம் நாள் மூடியைத் திறந்து பார்த்தேன். நோய் இல்லை. திட்டு இல்லை, செதில் இல்லை. குழந்தைக் கன்னம் போல வழவழவென்று இருந்தது. என் தோல்! எனக்கு ஏமாற்றம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. நான் உடன் இல்லையென்றால் என் தோல் இப்படியும் இருக்குமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். தீனி போட வேண்டாத நாள்களிலும் போய்ப் பார்த்தேன்.

சார் உதட்டைப் பிதுக்கினார். "இந்த ஆளுக்கும் வரல. அடுத்த வாரம் மூட்டை கட்டிடலாம். இந்தத் திட்டமே சரிப்பட்டு வராது போல."

அன்று மாலை தீனி கலக்கும்போதுதான் அந்தச் சின்னக் குப்பியின் லேபிள் கண்ணில் பட்டது. ஹைட்ரோகார்ட்டிசோன். செல்கள் நன்றாக வளர்வதற்காக வழக்கமான தீனியில் ஒரு துளி எப்போதும் சேர்ப்போம். என் கை தன் பாட்டுக்குச் சேர்த்துவிடும். வீட்டில் நான் திட்டுகளின் மேல் பூசுகிற களிம்புக் குழாயிலும் இதே பெயர்தான். நோய் வர வேண்டிய தோலுக்கு நானே ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்! இதற்கு மட்டும் அந்தத் துளி கூடாது என்று சார் சொல்லவில்லை, ஸ்பிரிட்டு படித்த படிப்பு சொல்லவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. முதல் மூன்று பேர் தோலும் இப்படித்தான் வீணாகியிருந்தது.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தெரிந்தே இன்னும் இரண்டு முறை அந்தத் துளியைச் சேர்த்தேன். அந்த நாலு நாளும் வாயைப் பொத்திக்கொண்டு என் நல்ல தோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் சொல்லாமல் விட்டால் திட்டம் மூடப்படும், நாற்பத்தொன்று குப்பைக்குப் போகும், நான் அந்த மேசையில் தனியாகவே சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். ஐந்தாம் நாள் குப்பியைக் கொண்டுபோய்ச் சாரின் மேசையில் வைத்தேன்.

அவர் லேபிளைப் படித்தார். முகம் சிவந்தது. "எட்டு மாசம்! எட்டு மாசத்தைத் தண்ணில கரைச்சிருக்கோம்."

"நான்தான் கரைச்சேன் சார். என்னைத் திட்டுங்க."

"உங்களைத் திட்டி என்ன ஆகப்போகுது? வழக்கமான தீனின்னு எழுதிக் குடுத்தவன் நான்தானே." தலையில் அடித்துக்கொண்டார். "மிச்ச செல்லை வெச்சு அந்த நாப்பத்தொண்ணையே மறுபடி போடுங்க. காற்றுக்குத் தூக்கினதும் இதை நிறுத்திடுங்க."

நல்ல தோலை நானே, கழிவை அழிக்கிற வெளுப்புத் திரவத்தில் போட்டேன். கரைந்து போகும்வரை பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

புதிதாகப் போட்டது, காற்றுக்குத் தூக்கிய ஒன்பதாம் நாள் மாறியது. மூடியைத் திறந்தது ஸ்பிரிட்டு.

"சார்! வந்துடுச்சு! ஓடி வாங்க!"

எல்லாரும் ஓடி வந்தார்கள். வெறும் கண்ணுக்கே தெரிந்தது. மேல்தோல் தடித்து, ஓரத்தில் வெள்ளைச் செதில் உரிந்து நின்றது. இதே செதிலைத்தான் தினமும் காலையில் என் படுக்கை விரிப்பிலிருந்து உதறுகிறேன். சார் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"எவ்வளவு அழகா வந்திருக்கு பாருங்க!"

என் செதிலை அழகு என்று ஒருவர் சொல்லி என் காதால் கேட்டேன்.

"இந்த நாப்பத்தொண்ணு யாரோ, சார்," என்றாள் ஸ்பிரிட்டு. கண் கலங்கியிருந்தாள், நிஜமாகவே. "நேர்ல பார்த்தா அவங்க கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்குவேன்."

"நான்தான்," என்றேன்.

"என்னக்கா?"

"நாப்பத்தொண்ணு நான்தான்." சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து நீட்டினேன்.

சாரின் முகம்தான் முதலில் மலர்ந்தது. "அப்போ அடுத்த துண்டுக்கு ஆஸ்பத்திரியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாமே!"

"வேண்டாம் சார்."

"காட்டுங்க, காட்டுங்க. கிட்ட வாங்க."

கிட்டப் போனேன். அவர் கை என் கைக்கு அருகில் வந்து பாதியில் நின்றது. மேசையோரப் பெட்டியிலிருந்து கையுறை ஒரு ஜோடியை உருவி மாட்டிக்கொண்டார். ஸ்பிரிட்டுக்கும் ஒரு ஜோடி கொடுத்தார். பிறகு இருவரும் என் முன்கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்கள். தட்டைப் பிடிப்பதைப் போலவே அவ்வளவு பதமாகப் பிடித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. எனக்கு இருக்கிற கோபத்துக்குக் கையை உதறிவிட்டு வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருக்கட்டும் என்று மற்றக் கையின் சட்டையையும் மடித்துவிட்டேன்.