அழாதவள் வீட்டில் படப்பிடிப்பு

என் மகள் நந்திதா செத்தபோது நான் ஊரே பார்க்க அழுதேன். என் மனைவி சாந்தாமணி அழவில்லை. மூன்று வருஷம் நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசாததற்கு இதுதான் காரணம், வேறொன்றும் கிடையாது.

கல்லூரித் தோழியின் கல்யாணத்துக்கு வால்பாறை போன வேன், திரும்பி வரும்போது கொண்டை ஊசி வளைவில் உருண்டுவிட்டது. போனை எடுத்தவள் சாந்தாமணி. முழுசாகக் கேட்டாள். கடைசியில் "சரிங்க" என்றாள். வைத்துவிட்டு வந்து, "நந்திதா போயிட்டாளாமுங்க. பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றாங்க" என்றாள். நான் அங்கேயே விழுந்து புரண்டேன். என்னைப் பிடிக்கவே வீட்டிலிருந்த ஆட்கள் சரியாகிவிட்டார்கள். டாக்ஸி வைத்துப் போய், உடம்பை அடையாளம் காட்டி, கையெழுத்துப் போட்டு, மகளைக் கொண்டுவந்தவள் அவள்தான். அதையும் நான் கல்நெஞ்சு என்றேன். பெற்றவள் பிணவறைக்குள் தன் காலால் நடந்து போவாளா?

"பெத்த புள்ள சாவுக்கு 'சரிங்க'ன்னவ இவ" என்று உறவு முழுக்கச் சொல்லிவைத்தேன். விருந்துக்கு வந்தவர்களிடம்கூடச் சொன்னேன், அவள் பரிமாறிக்கொண்டிருக்கும்போதே. அவள் ரசம் ஊற்றிக்கொண்டே போனாள்.

தொண்ணூற்று மூன்றில் படக் கம்பெனிக்காரர்கள் வந்து வீட்டைக் கேட்டார்கள். வருஷம் முழுக்கப் படப்பிடிப்பு நடக்கும் எங்கள் கோபிசெட்டிபாளையத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. கதையில் ஒரு அம்மாவுக்கு மகன் செத்த சேதி போனில் வருகிறது என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கொடுத்தேன். ஒரு தாய் எப்படி அழுவாள் என்று சாந்தாமணி பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்ற கெட்ட எண்ணம்தான். இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

அம்மாவாக நடித்தவர் ராமாமணி. கோயம்புத்தூர் பீளமேட்டில் பிறந்து மெட்ராஸுக்குப் போனவர். இரண்டு நாள் எங்கள் சமையலறையே கதியென்று கிடந்தார். சாந்தாமணியோடு குசுகுசுவென்று பேச்சு. கொள்ளு ரசத்துக்குப் பக்குவம் கேட்கிறாராக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் அந்தக் காட்சி. காமிராவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். போன் அடித்தது. ராமாமணி எடுத்தார். கேட்கக் கேட்க அவருடைய இடது கை முந்தானை நுனியைத் தேடி எடுத்து, போன் வயரைத் துடைக்க ஆரம்பித்தது. வயரில் தூசு ஒன்றும் இல்லை. கை பாட்டுக்குத் துடைத்துக்கொண்டே போனது. பிறகு, வாசலில் நிற்கும் விருந்தாளிக்குச் சொல்வது மாதிரி, அத்தனை மரியாதையாக, "சரிங்க" என்றார்.

மூன்று வருஷம் நான் திட்டித் தீர்த்த அதே சொல் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. அழுதேன். வழக்கமான என் அழுகை இல்லை, சத்தமே வரவில்லை. காட்சி முடிந்ததும் அவரிடம் போனேன்.

"அம்மணி, பெத்த வயிறு எரியறது அப்படியே தெரிஞ்சுதுங்க. யாருகிட்டங்க கத்துக்கிட்டீங்க?"

ராமாமணி சமையலறைப் பக்கம் கை காட்டினார். "உங்கூட்டு அம்மாகிட்டத்தானுங்க. அன்னிக்கு என்ன செஞ்சீங்கன்னு கேட்டேன். வயரத் தொடச்சது வரைக்கும் சொன்னாங்க. சேதி சொன்ன ஆளுக்குக் கொரல் நடுங்குச்சாமுங்க. அந்த மனுசன இன்னும் சங்கடப்படுத்த வேண்டாமுன்னுதான் 'சரிங்க'ன்னு வெச்சுப்போட்டாங்களாம்."

ராமாமணி முந்தானையைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தார்.

"ஆஸ்பத்திரியில நடந்ததையும் சொன்னாங்க. அத மெட்ராஸ்ல செட்டுப் போட்டு எடுக்கறோம். அவங்க சொன்னபடியே செஞ்சுபோடறேனுங்க."

ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது? மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. இந்த லட்சணத்தில் நான் ஊருக்குப் பாசத்தைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. நேராகச் சமையலறைக்குப் போனேன். சாந்தாமணி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில என்னாச்சு, சாந்தாமணி? எங்கிட்டச் சொல்லு."

"இப்ப எதுக்குங்க?"

"தப்புப் பண்ணிப்போட்டேன். சொல்லு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "யாராச்சும் ஒருத்தர் கேக்கமாட்டாங்களான்னு மூணு வருசமா இருந்தனுங்க. அந்தம்மா கேட்டாங்க, சொல்லிப்போட்டேன். மறுக்கா சொல்ல எனக்குத் தெம்பில்லீங்க."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் காலைப் பிடித்தாவது கேட்டிருப்பேன்.

அதன் பிறகு அந்தப் படத்துக்காகக் காத்திருந்தேன். பெற்ற மகளின் கடைசி நாளை டிக்கெட் எடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமைக்கு என்னை நானே கொண்டுவந்துவிட்டிருந்தேன். எட்டு மாதம் கழித்துப் படம் கோபிக்கு வந்தது. பகல் காட்சிக்குத் தனியாகப் போனேன்.

திரையில் எங்கள் வீடு வந்தது. போன் அடித்தது. ராமாமணி எடுத்தார், எடுத்ததும் வீலென்று அலறினார். போனை வீசினார், தலையில் அடித்துக்கொண்டார், தரையில் புரண்டார். வயரும் இல்லை, "சரிங்க"வும் இல்லை. தியேட்டரே விசும்பியது. எனக்கு முன்னால் இருந்த அம்மாள் மூக்கைச் சிந்தினார். அடுத்த காட்சியில் மகனின் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது. ஆஸ்பத்திரி வரவே இல்லை. படம் முடிகிறவரை உட்கார்ந்து பார்த்தேன். ஜனம் அழுதால்தான் ஓடும் என்று எங்கள் வீடு மாதிரியே மெட்ராஸில் செட்டுப் போட்டுத் திரும்ப எடுத்தார்களாம், தியேட்டர் மேனேஜர் பெருமையாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தேன். சாந்தாமணி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எங்கே போனேன் என்று அவளுக்குத் தெரியும்.

"அது படத்துல இல்ல. வெட்டிப்போட்டாங்க" என்றேன். இப்போதாவது சொல்லிவிடமாட்டாளா என்று அங்கேயே நின்றேன்.

"நல்லதாப் போச்சுங்க" என்றாள். மடித்த துணிகளைக் கையில் அடுக்கிக்கொண்டு எழுந்தாள். "அவள அந்தக் கோலத்துல நீங்க பாக்க வேண்டாமுன்னுதானுங்க, அன்னிக்கு உங்களைக் கூட்டிட்டுப் போகாம நான் மட்டும் போனேன்."